வீரையடிக்கு வந்த ஹைபிரிட் பஸ்

எங்கள் ஊருக்கு பஸ் விடுவதற்கு முன்னால் அந்த பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள். வவுனியா நகரில் பந்தல் கட்டி, ஆறு பஸ்களையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஆள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார்கள். வன்னிப் பயணிகள் போக்குவரத்துச் சபை புதிதாக வாங்கிய ஹைபிரிட் பஸ்கள் அவை. மெதுவாகப் போகும்போது பற்றரியில் ஓடும், வேகம் எடுத்தால் டீசலுக்கு மாறும், புகை குறைவு, சத்தம் இல்லவே இல்லை, உட்கிராமங்களுக்கே முதலிடம் என்று பேசினார்கள். நான் பந்தலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி யன்னல் வழியாக ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலிடம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எங்களுக்கு முதலிடம் தருவதாகச் சொன்னவர்களை அதற்குப் பிறகு நாங்கள்தான் தேடித் திரிந்திருக்கிறோம்.

என் பெயர் கமலாசனி. என்னுடைய இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டு நின்றுவிட்டன. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். ஆராய்ந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் நான் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே என் இரத்தத்தை ஒரு மெசினுக்குள் விட்டுக் கழுவித் திருப்பித் தருவார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அடுத்த தடவையும் தவறினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினால் மருமகள் சுகந்தினி எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள். மகன் கட்டாரில் இருக்கிறான். வீட்டில் நானும் அவளும்தான்.

எங்கள் ஊர் வீரையடி, பூவரசங்குளத்துக்கு உள்ளே, காட்டை ஊடறுத்துப் போகிற வீதியின் முடிவில் இருக்கிறது. அப்பா காலத்து ஆட்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கலவரக்காரரிடம் அடிவாங்கி, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய இடம் இது. நான் பிறந்தது இந்த மண்ணில். பேசுவது இந்த ஊர்ப் பேச்சு. ஆனாலும் நகரத்து அரசாங்கக் கந்தோர்களில் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் சிலருடைய முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என் முகமும் அப்போது ஒரு மாதிரித்தான் ஆகும். அதையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

முன்பு எங்களுக்கு ஒரு பழைய பஸ் ஓடியது. நாங்கள் அதைத் தகரம் என்று கூப்பிடுவோம். குளக்கட்டில் ஏறும்போது சாரதி கியர் மாற்றுவார். அப்போது அது போடுகிற ஊளை ஊர் முழுவதும் கேட்கும். குளக்கட்டு வீதியைக் காடு மறைத்திருப்பதால் வீட்டிலிருந்து பஸ் கண்ணுக்குத் தெரியாது, ஊளையைக் கேட்ட பிறகுதான் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவோம். உலை கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்து, கதவைப் பூட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாங்களும் பஸ்ஸும் ஒன்றாகச் சந்திக்குப் போய்ச் சேருவோம். முன்கூட்டியே போய் நிற்பது என்ற பழக்கம் வீரையடியில் கிடையாது. சோம்பலால் அல்ல. விடியற்காலையில் யானைகள் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற வழி அந்தச் சந்திதான். கணபதி அண்ணன் ஒருநாள் நேரத்தோடு போய் நின்றார். அவரைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு எவரும் அங்கே நிற்பதில்லை. தகரத்தின் ஊளைக்கு யானை விலகிவிடும். யானை விலகிய பாதையில் நாங்கள் நடப்போம்.

தகரம் ஒருநாள் அச்சு முறிந்து குளக்கட்டிலேயே நின்றது. இழுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டுப் பிரதீபன் தன்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் என்னை ஏற்றிப் பூவரசங்குளம் வரை கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து மன்னார் வீதி பஸ்ஸில் வவுனியா. நல்ல பிள்ளை, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் விதைப்பு வந்துவிட்டால் லாண்ட்மாஸ்டர் வயலில்தான் நிற்கும், அவனைக் குறை சொல்ல முடியாது. விதைப்புக்கு முன்னால் எனக்கு ஒரு பஸ் வேண்டும். இல்லாவிட்டால் என் கதை முடிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அதனால்தான் ஹைபிரிட் பஸ் ஒன்று வீரையடிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது, முதலிடம் பற்றிய எரிச்சலை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டு கிழமை வெள்ளோட்டம். ஆட்கள் ஏறினால் நிரந்தரம். ஏறாவிட்டால் பஸ்ஸை எடுத்து ஏ-ஒன்பது வீதியில் கிளிநொச்சிக்கு ஓட விடுவார்கள். முதல் நாள் ஊரே சந்தியில் நின்றது. அத்தனை பேர் கூடி, பறையும் அடித்தபடியால் யானையும் அந்தப் பக்கம் வரவில்லை. சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். சாரதி மெல்ரொன் முல்லைத்தீவுக் கடற்கரைப் பையன், வேதக்காரர். எங்கள் பூசை முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, தன் பங்குக்குச் சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டு ஏறினார். பச்சை நிறப் பெரிய பஸ். அடுத்த சந்தி வரைக்கும் போய்த் திரும்பினாலும் போதும் என்று ஊர்ச்சனம் முழுவதும் ஏறிக்கொண்டது.

அடுத்த நாள் செவ்வாய். நான் விடியவே குளித்து, நீலச் சேலை கட்டி, பையையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் வந்து இருந்தேன். பஸ் வரவில்லை. வெயில் ஏறும்வரை வரவில்லை. பிரதீபனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வெள்ளியும் அப்படியே. இடையில் உள்ள நாட்களில் சந்தைக்குப் போக வெளிக்கிட்டவர்களுக்கும் அதே கதை. வந்த முதல் நாள் படம் எடுத்தார்கள், படம் எடுத்து முடிந்தது, பஸ்ஸும் முடிந்தது என்று ஊரில் பேசிக்கொண்டோம். சபைக்குத் தொலைபேசி எடுத்தால், பஸ் தினமும் வருகிறது, உங்கள் ஊரில்தான் ஒருவரும் ஏறுவதில்லை என்றார்கள். நான் தொலைபேசியிலேயே நல்லதாக நாலு கேட்டேன். வெள்ளிக்கிழமை வவுனியா பஸ் நிலையத்தில் மெல்ரொனைக் கண்டபோது நேரிலும் கேட்டேன். மடு மாதா மேல் சத்தியம், நான் ஒவ்வொரு நாளும் வந்து உங்கள் சந்தியில் நிறுத்திவிட்டுத்தான் போகிறேன் அம்மா என்றார் அந்தப் பையன். மாதாவையும் பொய்க்குச் சாட்சி கூப்பிடுகிறானே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது கிழமை செவ்வாய்க்கும் பஸ் வராததால் புதன்கிழமை சபைக் கந்தோருக்கே போனேன். சுகந்தினியும் கூட வந்தாள், நான் சண்டை பிடித்து மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பதற்கு. உதவி முகாமையாளர் நிரஞ்சன் எங்களை இருக்கச் சொன்னார். என் மகன் வயது. அழுத்தி மினுக்கிய சேட்டு போட்டிருந்தார், நல்ல மரியாதை. அதுதான் எனக்குச் சிக்கலாகப் போய்விட்டது. மரியாதையானவர்களோடு சண்டை தொடங்குவது கஷ்டம்.

அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். புது பஸ்ஸில் எல்லாப் பக்கமும் கமரா இருக்கிறதாம். திரையில் எங்கள் சந்தி தெரிந்தது. பஸ் மெல்ல வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. யாரும் இல்லை. பக்கவாட்டில் ஒரு வேலி, முருங்கை மரம், அதற்கு அப்பால் ஒரு முற்றம். முற்றத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு மனிசி பையை மடியில் வைத்தபடி கதிரையில் இருக்கிறாள். முகம் குளக்கட்டுப் பக்கம். அவளுடைய முதுகுக்குப் பின்னால் பஸ் நிற்கிறது. அவள் திரும்பவில்லை. கதவு மூடுகிறது, பஸ் போகிறது, அவள் அப்போதும் குளக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மனிசி நான்தான். எனக்கு முகம் சுட்டது. எத்தனையோ வருடமாகத் தகரத்தின் ஊளைக்குக் காது கொடுத்து இருந்த பழக்கம். குளக்கட்டிலிருந்து சந்திக்கு இறக்கம். இந்த பஸ் குளக்கட்டில் மெதுவாக ஏறுவதும் அந்த இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு வருவதும் பற்றரியில்தான். நின்றால் இயந்திரம் மூச்சுக்கூட விடுவதில்லை. ஊரே வீட்டுக்குள் இருந்து ஊளைக்குக் காத்திருக்க, பஸ் வந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கிழமைக்கு மேலாக நாங்கள் அவர்களைப் பொய்யர் என்று திட்டினோம், அவர்கள் எங்களைப் பொய்யர் என்று நினைத்தார்கள். மெல்ரொனை நினைக்க வெட்கமாக இருந்தது.

பிழை எங்களுடையதுதான் என்று நான் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். குளக்கட்டில் ஏறும்போது ஒருமுறை ஹோன் அடிக்கச் சொன்னால் போதும், ஊர் முழுவதும் வந்து ஏறும், யானையும் விலகும். நிரஞ்சன் தலையை ஆட்டினார், அது முடியாது என்ற மாதிரி. இந்த பஸ்களை வாங்கியதே சத்தமற்ற பயணம் என்று சொல்லித்தானாம். ஊர்மனைக்குள் ஹோன் அடிக்கக்கூடாது என்பது சபையின் கட்டளை, அடித்தால் சாரதிக்குத்தான் தண்டனை. சந்தியில் நேரசூசி ஒட்டியிருக்கிறோம், அதைப் பார்த்து வந்து நிற்கப் பழகுங்கள் என்றார். நான் யானையைப் பற்றிச் சொன்னேன். வனத்துறையிடம் முறையிடச் சொன்னார். எப்படியும் வெள்ளியோடு வெள்ளோட்டம் முடிகிறது, கணக்கில் ஆட்கள் இல்லை, தன் கையில் எதுவும் இல்லை என்று மரியாதையாகவே சொல்லி முடித்தார்.

அப்போதுதான் பக்கத்து மேசையில் இருந்தவர், கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, அதுகள் நடந்து பழகின சனம்தானே, சமாளிக்குங்கள் என்றார்.

சுகந்தினி என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். சண்டை தொடங்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மனிதரோடு பேசி என் மூச்சை ஏன் வீணாக்க வேண்டும் என்று நிரஞ்சனையே பார்த்துச் சொன்னேன்.

"ஓம் தம்பி, நடந்து பழகின சனம்தான். அதாலதான் எந்த வழியால நடக்கலாம், எந்த வழியால நடக்க ஏலாதெண்டு எங்களுக்குத் தெரியும். நீங்கள் வெள்ளிக்கிழமை விடிய வந்து என்ர முற்றத்தில, அதே கதிரையில இருங்கோ. பஸ் வரேக்க எனக்குச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டியளெண்டா நான் பிறகு இந்தக் கந்தோர்ப் படி ஏற மாட்டன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. வெள்ளோட்ட அறிக்கைக்கு ஒரு தடவை நேரில் வந்து பார்க்கத்தான் வேண்டும், பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஒரு படமும் தேவைப்படுகிறது, வருகிறேன் என்றார். வந்துவிட்டு எங்கள் பஸ்ஸிலேயே திரும்பிப் போகிறேன் என்றும் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் இப்போது தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவருக்கு நான் என் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை, கமராக் கதையைக் கேட்ட நாலைந்து பேர், காது கேட்காவிட்டால் கண்ணால் பார்ப்போம் என்று விடியவே சந்திக்குப் போனார்கள். கொம்பன் ஒன்று பாலை மரத்துக்குக் கீழே நின்றதைக் கண்டு போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தார்கள். ஒருவருடைய சாரம் வேலிக் கம்பியில் கிழிந்து தொங்கியது. அந்தக் குழப்பத்துக்குள் பஸ் வந்து போய்விட்டது. இரவு ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். நாளைக்கு ஒருவரும் சந்திக்குப் போக வேண்டாம், வழக்கம்போல வீட்டில் இருங்கள். ஆட்களைக் கூட்டி வைத்து நாடகம் போட்டார்கள் என்று பிறகு சொல்ல இடம் வைக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் பரவுகிற நேரத்தில் சபை ஜீப் வந்தது. நிரஞ்சன் இறங்கி, ஜீப்பை ஓமந்தையில் ஏதோ வேலைக்கு அனுப்பிவிட்டார். அவரை அந்தக் கதிரையில் குளக்கட்டைப் பார்க்க இருத்தினேன். நான் வாசற்படியில் இருந்தேன். என் முகம் அவர் முகத்துக்கு நேரே. அவருடைய தோளுக்கு மேலால் முருங்கை மரமும் வேலியும் அதற்கப்பால் சந்தியும் எனக்குத் தெரிந்தன. சுகந்தினி பால் விடாத பிளேன்ரீயும் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமி பையை எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கு மெசின் நாள், நினைவிருக்கட்டும் என்று என் காதோடு சொன்னாள். ஏற்கனவே முதல் நாள் இரவே என் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு நினைவில்லாமல் இருக்குமா.

என் திட்டம் சாதாரணமானது. பஸ் வந்து நின்றதும், தம்பி, பின்னால் திரும்பிப் பாருங்கள் என்று சொல்வேன். அவர் திகைப்பார். இரண்டு பேரும் ஏறுவோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவ்வளவுதான் நினைத்திருந்தேன்.

அவர் உண்மையாகவே காது கொடுத்துத்தான் இருந்தார். ஒரு குயில் கத்தினாலும் தலையைச் சரித்தார். பிறகு பேச்சு வந்தது. இந்த பஸ்களை வாங்குவதற்குத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். எத்தனை கூட்டம், எத்தனை எதிர்ப்பு, பழைய டீசல் பஸ்ஸையே வாங்கச் சொல்லி மேலிடத்தில் எத்தனை பேர் நின்றார்கள், தான் ஒருவர்தான் பிடிவாதமாக நின்று சாதித்தது. மாங்குளத்தில் பழைய பஸ் புகைக்குள் வளர்ந்த பிள்ளையாம் அவர். அவருடைய தம்பிக்கு மூச்சிழுப்பு வருத்தமாம். புகையில்லாத ஒரு பஸ் இந்த மண்ணில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னார். கேட்க எனக்கே அவர் மேல் விருப்பம் வந்தது. அந்த பஸ்ஸில் என்ன விசேஷம் தெரியுமா அம்மா, பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய தோளுக்குப் பின்னால், முருங்கை இலைகளுக்கு ஊடாக, பச்சைக் கூரை ஒன்று நகர்ந்து வந்து நின்றது.

நாய்கூடக் குரைக்கவில்லை. தகரத்தைக் கண்டால் வீதி வரை துரத்திக்கொண்டு போகிற நாய் அது. இப்போது அடுப்படிச் சாம்பலுக்குள் நித்திரையாகக் கிடந்தது. நான் வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடினேன். இவர் இப்போது திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். அட, வந்துவிட்டதே, பார்த்தீர்களா எவ்வளவு நல்ல பஸ் என்பார். ஓடிப் போய் ஏறுவார், படம் எடுப்பார். கூப்பிட ஒரு ஆள் இருந்தபடியால் தவறவிடாத பஸ் அவருக்கு. தவறவிட்டவர்களுடைய அந்த வெறும் முற்றம், அந்த வெறும் வீதி, அவருக்கு ஒருநாளும் விளங்காது. விளங்காத மனிதரிடம் இனி நான் என்ன சொல்லி என்ன.

மெல்ரொன் இறங்கி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் வேலிப் பக்கமும் பார்த்தார். நான் கையைக்கூட அசைக்கவில்லை. பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. என் மெசின் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருக்காது, இன்னொருவரைப் படுக்கவைத்துவிடுவார்கள். கால் கனத்தது. எழும்பு எழும்பு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. நான் வாசற்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறகு என்ன தம்பி, மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார். மெல்ரொன் ஏறினார். பச்சைக் கூரை முருங்கைக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து காட்டு வளைவில் மறைந்தது.

பிளேன்ரீ ஆறி, வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு நிரஞ்சன் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்றைக்கென்று பஸ் பிந்துகிறதே என்று சங்கடப்பட்டுக்கொண்டு சபைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"என்ன கதை இது. வரேல்லை. நான் வீரையடியிலதான் இருக்கிறன், விடியத் தொடக்கம் சந்திக்குப் பக்கத்திலதான் இருக்கிறன். பொய் சொல்லாதேங்கோ, பஸ் வரேல்லை."

நான் போன கிழமை சொன்ன அதே சொற்கள். சுகந்தினி குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய கண் என் காலுக்குப் போனது. நிரஞ்சன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, முருங்கை மரத்தையும் வேலியையும் அதற்கப்பால் வெறுமையாகக் கிடந்த சந்தியையும் பார்த்தார். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஜீப் ஓமந்தையிலிருந்து வர நேரம் எடுக்கும். அவருக்கு வவுனியாவில் கூட்டம், எனக்கு மெசின். பிரதீபன் லாண்ட்மாஸ்டரை முடுக்கினான். சுகந்தினி பெட்டிக்குள் சாக்கு விரித்து என்னை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நிரஞ்சன் எங்களுக்கு முன்னால், பெட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். லாண்ட்மாஸ்டர் போட்ட சத்தத்துக்கு ஊர்ச்சனம் முழுவதும் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தது. பஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் பையோடு ஓடியும் வந்தார்கள். ஓடி வந்தவர்களை அவர் பார்த்தார். ஏற வந்தவர்கள், ஏமாந்து நின்றார்கள். அவர்களையும் பெட்டிக்குள் ஏற்றச் சொல்லி அவரே இடம் விட்டு நகர்ந்தார்.

புழுதி அவருடைய மினுக்கிய சேட்டில் படிந்தது. குளக்கட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சுகந்தினி என் முதுகைத் தடவினாள். அவர் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காடு தாண்டியதும் லாண்ட்மாஸ்டரின் இரைச்சலுக்கு மேலாக, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அம்மா, பஸ் வந்து நிண்டதை நீங்கள் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்."

"இண்டைக்கு உங்களுக்கு மெசின் நாளெண்டு இந்தப் பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஏறியிருக்கலாமே."

"ஏறியிருக்கலாம். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பியள். செவ்வாய்க்கிழமை எனக்கு பஸ் இருந்திராது."

அவர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. பூவரசங்குளம் வரும்வரை வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரதீபன் லாண்ட்மாஸ்டரை நிறுத்தியதும், இறங்காமலே தொலைபேசியை எடுத்தார். வீரையடி பஸ்ஸை எங்கேயும் மாற்ற வேண்டாம், அறிக்கையைத் தானே எழுதுகிறேன் என்றார். குளக்கட்டில் ஏறும்போது ஹோன் அடிக்க வேண்டும் என்று மெல்ரொனிடம் சொல்லச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாரோ கட்டளையைப் பற்றி நினைவூட்டியிருக்க வேண்டும். யாரும் கேட்டால் நிரஞ்சன் சொன்னதென்று சொல்லுங்கள் என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு வைத்தார்.

பெட்டியிலிருந்து இறங்க அவர் கை கொடுத்தார். பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன், கால் அப்படி. நன்றி சொல்லவில்லை. சுகந்தினி சொல்லுங்கோ மாமி என்று கண்ணால் கெஞ்சினாள், நான் காணாதது போல இருந்தேன். இருந்த கொஞ்ச மூச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் இந்நேரம் வேறு யாரோ படுத்திருப்பார்கள், இனிப் போய் அதற்குச் சண்டை பிடிக்க வேண்டும்.